இடுப்புக்குழி வலிக்கு பிசியோதெரபி: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அடிவயிற்றுக்குக் கீழே, தொடை இடுக்கில், பிறப்புறுப்பில், ஆசனவாயைச் சுற்றி, வால் எலும்பில் என்று எங்கேயோ ஒரு வலி மாதக்கணக்கில் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தாயிற்று. சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் உட்கார்ந்தால் வலிக்கிறது, சிறுநீர் கழித்த பிறகு எரிகிறது, உடலுறவை நினைத்தாலே பயமாக இருக்கிறது. கடைசியில் ஒரு மருத்துவர், "பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்" என்கிறார். கை கால் பிசகினால் போகிற இடத்தில் இந்த வலிக்கு என்ன செய்வார்கள் என்ற குழப்பத்தோடு நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அழற்சி என்று சொல்லப்பட்டு, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிடும் ஆண்களில் பெரும்பாலானவர்களிடம் கிருமி எதுவும் இருப்பதில்லை. அவர்களில் பலருக்கு வலிப்பது தசைதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் கற்க வேண்டியது தசையைத் தளர்த்த. இறுக்கும் பயிற்சியெல்லாம் அப்புறம்தான், அதுவும் தேவைப்பட்டால். இந்த வரிசை மாறிப்போனதால் வலி கூடிப்போனவர்கள் நிறைய.

முதல் படி: ஆபத்தான காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

சில அறிகுறிகள் வந்தால் பிசியோதெரபியைப் பற்றி யோசிக்கவே கூடாது, நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இரண்டு தொடைகளுக்கும் நடுவே உள்ள பகுதி மரத்துப்போவது, திடீரென்று சிறுநீர் வராமல் போவது, தெரியாமலே சிறுநீரோ மலமோ வெளியேறுவது, இரண்டு கால்களும் பலவீனமாவது ஆகியவை முதுகுத்தண்டின் கீழ் நரம்புகள் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆண்களுக்கு விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். மாதவிடாய் தள்ளிப்போன நிலையிலோ கர்ப்பகாலத்திலோ அடிவயிற்றில் கடும் வலியும் மயக்கமும் வந்தாலும், காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வலியோடு சேர்ந்து வந்தாலும் அப்படியே.

சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றுக்கும் மருத்துவரைப் பார்த்து முடித்த பிறகே இங்கே வர வேண்டும்.

எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), சிறுநீர்ப்பை வலி நோய், ஐபிஎஸ் (IBS, வயிற்று வலியோடு மலம் கழிப்பதும் மாறிப்போகும் குடல் கோளாறு) போன்றவை ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தாலும் பிசியோதெரபிக்கு இடம் இருக்கிறது. அந்த நோயை அது குணமாக்காது. ஆனால் பல வருட வலியைத் தாங்கித் தாங்கி இறுகிப்போன தசைகள் தனியாக ஒரு வலியைத் தந்துகொண்டிருக்கும். அந்தப் பங்கைக் குறைக்க முடியும். மருந்தோ அறுவை சிகிச்சையோ நடக்கும்போதே இதையும் சேர்த்துச் செய்யலாம்.

இரண்டாம் படி: எந்தத் தசை, ஏன் இறுகுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இடுப்பெலும்பின் அடியில், முன்னே அந்தரங்க எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை ஒரு தசைத் தொகுதி இருக்கிறது. இடுப்புத் தளத் தசைகள் என்பார்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குவது இதுதான். சிறுநீரையும் மலத்தையும் அடக்கவும் விடவும் உதவுவது, உடலுறவில் பங்கெடுப்பது, முதுகையும் வயிற்றையும் உறுதியாக வைத்திருக்கத் துணைநிற்பது எல்லாம் இதன் வேலை. மூச்சு இழுக்கும்போது மெல்லக் கீழிறங்கி, விடும்போது மேலேறும்.

வலியோ பயமோ வந்தால் உடம்பு இந்தத் தசைகளைத் தன்னை அறியாமல் இறுக்கிக்கொள்கிறது. நோய்த்தொற்று, பிரசவத்தில் போட்ட தையல், அறுவை சிகிச்சை, கீழே விழுந்து வால் எலும்பில் பட்ட அடி, நாள்பட்ட மலச்சிக்கல், நீண்ட கால மன அழுத்தம் என்று தொடக்கம் எதுவாகவும் இருக்கலாம். தொடங்கிவைத்த காரணம் ஆறிவிட்ட பிறகும் இறுக்கம் மட்டும் தங்கிவிடும். கையை நாள் முழுக்க முஷ்டியாக மூடியே வைத்திருந்தால் என்ன ஆகும்? விரல் வலிக்கும், மணிக்கட்டு வலிக்கும், கையில் பலமும் இருக்காது. இந்தத் தசைக்கும் அதேதான் நடக்கிறது. நீண்ட நாள் வலியில் நரம்பு மண்டலமும் கூர்மையாகிவிடும். முன்பு வலிக்காத லேசான தொடுதல்கூட வலியாகத் தெரியும். வலி உண்மையானது. ஆனால் வலி இருக்கிற இடமெல்லாம் புதிதாக ஏதோ சேதமாகிறது என்று அர்த்தமில்லை. இதைப் புரிந்துகொண்டாலே பலருக்குப் பயத்தில் ஒரு பகுதி இறங்கிவிடுகிறது. பயம் இறங்கினால் தசையும் கொஞ்சம் இளகும்.

கெகல் பயிற்சி, அதாவது இந்தத் தசைகளை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி, பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இது. அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948இல் வெளியிட்ட பயிற்சி அது. பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோன தசைகளுக்காக, சிறுநீர்க் கசிவைக் குறைப்பதற்காக வந்தது. அந்தப் பிரச்சினைக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் ஏற்கெனவே இறுகிக்கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலி கூடும். சிறுநீர்ப்பை வலி நோய்க்கான அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் இவ்வகைத் தசைவலி உள்ளவர்கள் கெகல் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்றே சொல்கிறது. வீடியோ பார்த்து நீங்களே கெகல் செய்துகொண்டிருந்தால், யாராவது சோதித்துச் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள்.

மூன்றாம் படி: சந்திப்புக்கு முன்

இடுப்புத் தளத்துக்கென்று தனிப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டைத் தேடுங்கள். எல்லா பிசியோதெரபிஸ்ட்டும் இதைச் செய்வதில்லை. போனிலேயே கேட்டுவிடலாம்: இந்த வலியோடு வருகிறவர்களைப் பார்க்கிறீர்களா, உள்பரிசோதனையில் பயிற்சி இருக்கிறதா, பெண் சிகிச்சையாளர் வேண்டுமென்றால் கிடைப்பாரா? இப்படிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

மூன்று நாளைக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை முறை சிறுநீர் போனீர்கள், மலம் எப்படி இருந்தது, வலி 0 முதல் 10 வரை எத்தனை, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மருந்துகளின் பெயர்களும் கையில் இருக்கட்டும்.

நான்காம் படி: முதல் சந்திப்பில் என்ன நடக்கும்

பலரும் பயப்படுவது இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பேச்சு. நீண்ட பேச்சு. வலி எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கேட்பார்கள். சிறுநீர், மலம், மாதவிடாய், பிரசவம், உடலுறவு பற்றியும் நேராகக் கேட்பார்கள். "அந்த இடம்" என்று மழுப்பாமல் பெயர் சொல்லியே பேசலாம். அவர்கள் தினமும் கேட்கும் விஷயங்கள் இவை. எரிகிறதா, குத்துகிறதா, சுண்டி இழுக்கிறதா, கனமாக இருக்கிறதா என்பது வரை சொல்வது நல்லது. எரிச்சலும் மின்சாரம் பாய்வது மாதிரியான வலியும் நரம்பின் பக்கம் கைகாட்டும். கனமும் இழுப்பும் தசையின் பக்கம்.

அடுத்தது வெளிப்பரிசோதனை. நிற்கும் விதம், மூச்சு விடும் விதம், கீழ் முதுகு, இடுப்பு மூட்டு, தொடை, வயிற்றுத் தசைகள், சிசேரியன் தழும்பு இருந்தால் அது எவ்வளவு அசைகிறது என்பது எல்லாம் பார்ப்பார்கள். வலி உள்ளே இருந்தாலும் காரணம் இடுப்பு மூட்டிலோ முதுகிலோ இருக்கலாம் என்பதால் இது வெறும் சம்பிரதாயம் இல்லை.

அதன் பிறகு, நீங்கள் சம்மதித்தால் மட்டும், உள்பரிசோதனை. கையுறை போட்டு, வழுவழுப்பான ஜெல் தடவி, ஒரு விரலால் யோனி வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ தசைகளை மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் இறுக்கம், எங்கே தொட்டால் உங்கள் வழக்கமான வலி கிளம்புகிறது, இறுக்கிவிட்டுத் தளர்த்தச் சொன்னால் தசை முழுதாக விடுகிறதா என்பதெல்லாம் இதில்தான் தெளிவாகத் தெரியும். மகளிர் மருத்துவர் உலோகக் கருவி வைத்துப் பார்ப்பார் அல்லவா, அந்தக் கருவி இதில் கிடையாது.

முதல் நாளே இதைச் செய்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். எப்போதுமே வேண்டாம் என்றும் சொல்லலாம். வெளியிலிருந்தே செய்யக்கூடிய சிகிச்சை நிறைய இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு உள்ளே அழைத்துக்கொள்ளலாம். பாதியில் "நிறுத்துங்கள்" என்றால் அந்த நொடியே விரல் வெளியே வந்துவிட வேண்டும். முன்பு பாலியல் வன்முறையோ மோசமான மருத்துவ அனுபவமோ நடந்திருந்தால், விவரம் சொல்லாமல், "எனக்கு இந்தப் பரிசோதனை கடினம்" என்று மட்டும் சொன்னாலும் போதும். நல்ல சிகிச்சையாளர் அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

ஐந்தாம் படி: மூச்சிலிருந்து தொடங்குங்கள்

இது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மற்ற எல்லாப் பயிற்சியும் இதன் மேல்தான் நிற்கிறது. அதனால் அவசரப்படாமல் ஒரு வாரமாவது இதை மட்டும் செய்து பாருங்கள்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அடியில் தலையணை வையுங்கள். ஒரு கை விலா எலும்பின் பக்கவாட்டில், ஒரு கை அடிவயிற்றில். மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுங்கள். விலா பக்கவாட்டில் விரிய வேண்டும், வயிறு மெல்ல எழும்ப வேண்டும், தோள் ஏறக்கூடாது. 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சு உள்ளே வரும்போது இடுப்புத் தளமும் கொஞ்சம் கீழே இறங்கி விரிவதைக் கவனியுங்கள். நீங்கள் எதையும் தள்ள வேண்டாம், முக்கவும் வேண்டாம். சிறுநீர் வரத் தொடங்குகிற அந்தக் கணத்தில் கீழே ஏற்படும் நெகிழ்வு இருக்கிறதே, அந்த உணர்வைத்தான் தேட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்தைந்து நிமிடம்.

ஒன்றுமே தெரியவில்லை என்றால், ஒரு துண்டைச் சுருட்டி நாற்காலியில் நீளவாக்கில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து மூச்சு விட்டுப் பாருங்கள். துண்டின் மேல் அழுத்தம் கூடிக் குறைவது மெல்லப் பிடிபடும். சிலருக்கு இது பிடிபட இரண்டு மூன்று வாரம் ஆகும். அது இயல்புதான். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்த்துத் தசையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

அப்புறம் இதை நாளுக்குள் கொண்டுவர வேண்டும். போன் பேசும்போது, வண்டி ஓட்டும்போது, கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நடுவே ஒருமுறை கவனியுங்கள். பல்லைக் கடித்திருக்கிறீர்களா? புட்டத்தை இறுக்கியிருக்கிறீர்களா? தொப்பை தெரியக்கூடாதென்று வயிற்றை உள்ளே இழுத்து வைத்திருக்கிறீர்களா? ஒரு நீண்ட மூச்சு, விட்டுவிடுங்கள். பத்து நிமிடப் பயிற்சியைவிட இப்படி அடிக்கடி விடுவதுதான் தசையின் பழக்கத்தை மாற்றுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆறாம் படி: நீட்டல் பயிற்சிகள்

பொதுவாகச் சொல்லித்தருவது மூன்று. முழங்காலை அகட்டி மண்டியிட்டு, புட்டம் குதிகாலை நோக்கிப் போக, முன்னால் குனிந்து தலையைத் தலையணையில் சாய்ப்பது ஒன்று. மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் அகட்டி அக்குளை நோக்கி இழுத்துப் பிடிப்பது இன்னொன்று. உள்ளங்கால்களைச் சேர்த்துவைத்து, முழங்கால்கள் இரு பக்கமும் தலையணைகளில் சாய்ந்திருக்க அமைதியாகப் படுப்பது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் பத்து மூச்சு. இழுப்புத் தெரியலாம், வலி கூடாது. பயிற்சியால் கூடிய வலி மறுநாளும் நீடித்தால் பயிற்சியைப் பாதியாக்குங்கள். கர்ப்பத்தின் பிற்பாதியில் இருப்பவர்கள் நெடுநேரம் மல்லாந்து படுக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

ஏழாம் படி: கழிப்பறைப் பழக்கம்

மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் இடுப்புத் தளத்தைத் தளர்த்த முடியாது. தினமும் காலையில் முக்கி முக்கி அந்தத் தசையோடு சண்டை போட்டுவிட்டு, மாலையில் நீட்டல் பயிற்சி செய்து பயனில்லை.

மேற்கத்திய பாணிக் கழிப்பறையில் காலடியில் ஒரு சின்ன முக்காலி வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரமாக வரும். முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள். மூச்சை அடக்காமல், வாயைத் திறந்து "ஹா" என்று விட்டபடி வயிற்றை முன்னே பெரிதாக்குங்கள். பத்து நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள், பிறகு உணர்வு வரும்போது போகலாம். போன் உள்ளே வேண்டாம். மலம் வழவழப்பாக, நீளமாக, எளிதாக வர வேண்டும். உருண்டை உருண்டையாக வந்தால் தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் மலமிளக்கி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

சிறுநீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் மணிக்கணக்கில் அடக்குவார்கள். சிலர் "எதற்கும் ஒருமுறை போய்விட்டு வந்துவிடலாம்" என்று அரை மணிக்கொருமுறை போவார்கள். மூன்று நான்கு மணி நேர இடைவெளி சராசரி. அடிக்கடி போகிறவர்கள் பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டு, அது பழகியதும் இன்னொரு பதினைந்து நிமிடம் என்று மெதுவாக நீட்டலாம். தண்ணீரைக் குறைப்பது தீர்வாகாது. அடர்ந்த சிறுநீர் எரிச்சலைக் கூட்டத்தான் செய்யும். பொதுக் கழிப்பறையில் இருக்கையில் படாமல் அந்தரத்தில் நின்று போவதும் வேண்டாம். அந்த நிலையில் தசை தளராது. காகிதம் விரித்தாவது உட்கார்ந்துவிடுங்கள்.

எட்டாம் படி: சிகிச்சை அறையில் செய்பவை

கைகளால் தசையின் இறுகிய முடிச்சுகளை அழுத்தித் தளர்த்துவது முதன்மையான சிகிச்சை. வெளியிலும் செய்வார்கள், உள்ளேயும் செய்வார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீர்ப்பை வலியோடு இடுப்புத் தளத்தில் தொட்டால் வலியும் இருந்த 81 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்தத் தசைகளுக்கான கைச்சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு உடல் முழுக்க சாதாரண மசாஜ். முதல் குழுவில் 59 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். மசாஜ் குழுவில் 26 சதவீதம். எல்லோருக்கும் பலித்துவிடும் மாயம் இல்லை என்பதும் இதே எண்ணிக்கையில் இருக்கிறது, முயன்று பார்க்கத் தகுந்தது என்பதும் இருக்கிறது.

பயோஃபீட்பேக்கில் ஒரு சென்சார் தசையின் இறுக்கத்தைத் திரையில் காட்டும். கோட்டைக் கீழே இறக்கக் கற்றுக்கொள்வீர்கள். உள்ளே எதுவும் நுழையவே முடியாத அளவுக்கு இறுக்கமும் பயமும் உள்ள பெண்களுக்கு, படிப்படியாக அளவு கூடும் டைலேட்டர்கள் (யோனிக்குள் வைத்துப் பழக்கும் வழவழப்பான, விரல் வடிவக் கருவிகள்) உதவும். சிறியதில் தொடங்கி, உங்கள் கையாலேயே, வலி 2 அல்லது 3ஐத் தாண்டாமல். முடிச்சுகளை நீங்களே அழுத்திக்கொள்ள வளைந்த கருவிகளும் உண்டு. ஆனால் சிகிச்சையாளர் நேரில் கற்றுத்தரும் முன் அதை வாங்கி முயலாதீர்கள். நோய்த்தொற்று இருக்கும்போதும், பிரசவமோ அறுவை சிகிச்சையோ முடிந்த முதல் வாரங்களிலும், மருத்துவர் அனுமதிக்கும்வரை உள்சிகிச்சை எதுவும் வேண்டாம்.

உட்காருவது, நடப்பது, உடலுறவு

வால் எலும்பு வலித்தால் பின்பக்கம் வெட்டிவிட்ட குஷன் உதவும். யாருக்குமே அரை மணிக்கொருமுறை எழுந்து நடப்பது நல்லது. முழு ஓய்வு வேண்டாம். நடையை உங்களால் முடிந்த அளவில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூச்சை அடக்கிச் செய்யும் வயிற்றுப் பயிற்சிகளையும் பளுத்தூக்குவதையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

உடலுறவில் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது சிகிச்சைக்கு எதிரானது. ஒவ்வொரு முறை பொறுக்கும்போதும் அடுத்த முறை இன்னும் முன்கூட்டியே இறுகத் தசை கற்றுக்கொள்கிறது. கொஞ்ச காலத்துக்கு நுழைவு இல்லாத நெருக்கம் போதும் என்று துணையோடு வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். கூச்சமாக இருந்தால் சிகிச்சையாளர் முன்னிலையிலேயே பேசலாம், துணையையும் அழைத்து வரச் சொல்வார்கள். பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் வறட்சியே வலிக்குக் காரணமாக இருக்கலாம். அதற்கு மருத்துவரிடம் மருந்து உண்டு. ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எண்ணெய் கலந்த வழுக்கிகளைத் தவிர்க்க வேண்டும், லேட்டக்ஸ் கிழிந்துவிடும்.

வலி திடீரென்று கூடினால்

கூடத்தான் செய்யும். நன்றாக இருந்த மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு நாள் பழைய வலி முழுதாகத் திரும்பி வரும். எல்லாம் வீணாகிவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை. தூக்கம் கெட்டது, நீண்ட பயணம், மலச்சிக்கல், மாதவிடாய், ஒரு மோசமான வாரம் என்று ஏதாவது ஒன்று தூண்டியிருக்கும். அதைக் குறித்துவையுங்கள். அடிவயிற்றிலோ கீழ் முதுகிலோ 15 முதல் 20 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம், மூச்சுப் பயிற்சி, எளிய நீட்டல், சின்ன நடை. ஓரிரு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம், படுத்தே கிடக்க வேண்டாம். வலியின் தன்மையே மாறினாலோ முதல் படியில் சொன்ன அறிகுறி எதுவும் சேர்ந்துகொண்டாலோ மருத்துவரிடம் போங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

பொதுவாக வாரத்துக்கு ஒரு சந்திப்பு வீதம் இரண்டு மூன்று மாதம். பல வருட வலி என்றால் இன்னும் கூடுதலாகலாம். வலியின் எண் மட்டும் அளவுகோல் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா, இரவில் எழுவது குறைந்ததா, வலி வந்தாலும் சீக்கிரம் இறங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இவை முதலில் மாறும், எண் பிறகுதான் இறங்கும். தசை நன்றாகத் தளரக் கற்ற பிறகு, பலமும் குறைந்திருந்தால், இறுக்கும் பயிற்சி சேர்ப்பார்கள். அப்போதும் இறுக்கும் நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் தளர்த்துவதற்கு.

ஆறு முதல் எட்டு சந்திப்புக்குப் பிறகும் எந்த அசைவும் இல்லையென்றால், திட்டத்தை மாற்றுவோமா, வேறு நோய் எதுவும் விட்டுப்போயிற்றா என்று நேராகக் கேளுங்கள். வலி நிபுணர், மனநல ஆலோசகர் என்று ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். சோதிக்காமலே கெகல் தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறவரிடமும், கேட்காமல் உள்பரிசோதனை தொடங்குகிறவரிடமும், நிறுத்தச் சொன்னால் "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறவரிடமும் ஆறு சந்திப்புகள்வரை காத்திருக்க வேண்டாம். குறிப்புகளை வாங்கிக்கொண்டு அன்றே வேறொருவரைத் தேடத் தொடங்குங்கள்.